ஆண்மை என்னும் சொல்லும் ஒரு நோயின் பெயரும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

இது சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

தமிழில் நோய்களுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை உடலில் நிகழ்வதைச் சொல்பவை. நீரிழிவு, மாரடைப்பு, மூட்டுவலி, மஞ்சட்காமாலை என்னும் பெயர்களில் உறுப்பு உண்டு, நிறம் உண்டு, குறி உண்டு. நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்ற மதிப்பீடு இல்லை. இவ்வரிசையில் ஒட்டாமல் நிற்கும் பெயர் ‘ஆண்மைக்குறைவு’. குருதி ஓட்டத்தாலோ நரம்பாலோ மனநிலையாலோ ஏற்படும் ஓர் உடற்செயற் குறையை அது அம்மனிதனின் ஆண் என்னும் தகுதியிலேயே ஏற்பட்ட குறையாக அறிவித்துவிடுகிறது. இப்பெயர் எவ்வாறு உருவானது, அதை நம்பி ஒரு மருந்துச் சந்தை எவ்வாறு வளர்ந்தது, மருத்துவம் அப்பெயரிலிருந்து எவ்வாறு விலகியது என்பனவே இப்பதிவின் பொருள். மருத்துவ அறிவுரை கூறுவது என் தகுதிக்கு அப்பாற்பட்டது; மொழியியல் பயின்ற ஒருவரின் வரலாற்றுக் குறிப்புகளாக இதனைக் கொள்க.

1. இரு மொழி எல்லையிலிருந்து

இதை எழுதும் இடம் ஸ்ரீ சிட்டி. 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில், அதற்கு முன் சித்தூர் மாவட்டத்தில், சத்தியவேட்டை அடுத்துள்ள தொழில் நகரம். சத்தியவேட்டுப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைச் சீரமைப்பில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது இப்பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. ஆகவே இங்கு ஒரே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன.

இவ்விரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. தெலுங்கில் இக்குறைபாட்டைக் குறிக்கப் பழகிய சொல் ‘நபும்சகத்வம்’. வடமொழி இலக்கணத்தில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாலைக் குறிக்கும் ‘நபும்சகம்’ என்பதிலிருந்து வந்தது அது. தமிழின் ‘ஆண்மை’க்கு ஈடாகத் தெலுங்கில் ‘மகதனம்’ வழங்குகிறது. ஆக, தமிழில் நோயாளி ஆண்மையில் குறைந்தவர். தெலுங்கில் ஆண்பாலிலேயே சேராதவர். இரண்டு பெயர்களுமே உறுப்பின் நிலையைக் கூறாமல் மனிதனின் பாலை ஐயுறுகின்றன. மூன்றாம் பாலினத்தவரை இழிவாகச் சுட்டிய பழைய சொற்கள் வசைச்சொற்களாகி இந்நோயாளிகள் மீதும் வீசப்பட்டதற்கு இக்குழப்பமே அடிப்படை. பாலின அடையாளம் வேறு. உறுப்பின் செயற்குறை வேறு. ஒரே வசையில் இரு சாராரும் காயப்பட்டனர்.

2. ‘ஆண்மை’யின் பழம்பொருள்

பழந்தமிழில் ‘ஆண்மை’ இத்தகைய பொருளில் நிற்கவில்லை. இச்சொல்லுக்கு இரு வழிகள் உண்டு. ஆண் என்பதனோடு ‘மை’ விகுதி சேர்ந்தாலும் ஆண்மை. ஆள் என்பதனோடு ‘மை’ சேர்ந்து ளகரம் ணகரமாகத் திரிந்தாலும் ஆண்மை. பின்னதன் பொருள் ஆளுதல், கையாளுதல். இன்றைய ‘மேலாண்மை’யில் இருப்பது இப்பொருளே, ஒரு பெண் மேலாண்மை இயக்குநராக இருப்பதில் எந்த முரணையும் தமிழர் உணர்வதில்லை.

திருக்குறளில் தாளாண்மை, வேளாண்மை, வாளாண்மை, இல்லாண்மை என்று இச்சொல் பலவாறு கூடி வருகிறது. ‘பேராண்மை’ என்னும் சொல் ஓரிடத்தில் பிறன்மனை நோக்காத கட்டுப்பாட்டையும், படைச்செருக்கு அதிகாரத்தில் அஞ்சாமையையும் குறிக்கிறது. காம நுகர்ச்சிக்கான உடல்திறன் என்ற பொருளில் அந்நூல் இச்சொல்லை ஆளவில்லை. முதலில் சொன்ன இடத்தில் காம விழைவை அடக்கி ஆள்வதே ஆண்மையாகிறது.

இலத்தீனிலும் இதனை ஒத்த மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஆங்கிலத்தின் ‘இம்பொட்டன்ஸ்’ என்பதற்கு மூலமான ‘இம்பொட்டென்ஷியா’ வலுவின்மையையும், தன்னைத்தான் அடக்கமாட்டாமையையும் குறித்தது. பின்னாளில்தான் அது படுக்கையறைக்குள் சுருங்கியது. ஓர் அறப்பண்பின் பெயர் உறுப்பொன்றின் செயலுக்குப் பெயராகும்போது பழைய அறமதிப்பு முழுவதும் ஒழிந்துவிடுவதில்லை. புதிய பொருளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. உறுப்பு தளர்ந்தவன் வீரத்திலும் நேர்மையிலும் தளர்ந்தவன் என்று தோன்றச் செய்வது அந்த எச்சமே.

3. மருத்துவ நூல்கள் சொன்னவை

பண்டைய மருத்துவ நூல்கள் இதனை ஒற்றைக் குறையாகக் காணவில்லை என்பது கருதத்தக்கது. ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளுள் ஒன்று வாஜீகரணம். ‘வாஜி’ என்றால் குதிரை. சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி இரண்டாம் இயலில் இதனைப் பேசுகிறது. நன்மக்கட்பேறு அங்கு முதன்மையான நோக்கம். செயற்குறைக்கு அந்நூல்கள் தரும் பெயர் ‘கிலைப்யம்’. பிற்பகுதியிலுள்ள 30ஆம் இயலில் சரகம் அதனை நான்காகப் பகுக்கிறது: வித்தின் சிதைவு, உறுப்பின் தளர்வு, முதுமை, சுக்கிலக் குறைவு. சுசுருத சம்ஹிதை ஆறாகப் பகுக்கிறது. அவ்வாறனுள் முதலில் நிற்பது மனத்தால் வருவது. விருப்பமில்லாத சேர்க்கையும் உவப்பற்ற எண்ணங்களும் அதற்குக் காரணம் என்கிறது. உணவு, மிகுநுகர்ச்சி, மர்மத் தானங்களில் ஏற்பட்ட காயம், பிறவிக்குறை முதலியன பின்னர் வருகின்றன.

அவர்கள் கூறிய மருந்துகள் அனைத்தும் பயன் தருவன என்பது என் கருத்தன்று. அமுக்கரா, பூனைக்காலி போன்ற மூலிகைகளைப் பற்றிய இக்கால ஆய்வுகள் சிறியவை. உறுதியான முடிவுக்கு அவை போதா. நான் சுட்ட விரும்புவது அணுகுமுறையை. ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றைப் பிரித்தறிந்தே மருந்து தர வேண்டும் என்னும் நெறி அங்கு இருந்தது. ஆனால் அதே ‘கிலைப்யம்’ என்னும் சொல் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் போர்க்களத்தில் தளர்ந்த அருச்சுனனின் கோழைத்தனத்தைக் குறிக்கிறது. மருத்துவன் வகைப்படுத்திய சொல்லையே காவியம் இடித்துரைக்கவும் பயன்படுத்தியது. வடமொழியிலும் நோயும் பழியும் ஒரே பெயரில் வாழ்ந்தன.

4. ‘நரம்புத் தளர்ச்சி’ வந்த வழி

இன்றும் தமிழகத்துச் சுவர்களில் காணும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் தொடர் தொன்மையான சித்த மருத்துவச் சொல் என்று பலர் எண்ணுகின்றனர். 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட் பரப்பிய ‘நியூரஸ்தீனியா’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நிகராக அது அமைந்துள்ளது: நியூரோ என்பது நரம்பு, அஸ்தீனியா என்பது தளர்ச்சி. அதற்கும் முன்னர், 1760இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ தற்புணர்ச்சியால் உடல் நலியும் என்று எழுதினார். 1836 முதல் பிரெஞ்சு மருத்துவர் லல்லமான் விந்து தானே கசிவது பெருநோய் என்று விரிவாக எழுதினார். இக்கருத்துகளைப் பின்னாளில் மருத்துவ உலகம் கைவிட்டது. ‘நியூரஸ்தீனியா’வையே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

காலனியக் காலத்தில் இவ்வைரோப்பிய அச்சங்கள் இந்திய மண்ணில் ஏற்கெனவே இருந்த விந்து பற்றிய நம்பிக்கையோடு கலந்தன. ‘தாது’ என்னும் சொல்லின் கதை இதற்குச் சான்று. சித்த மருத்துவத்தில் உடற்தாதுக்கள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். ‘தாது விருத்தி லேகியம்’ என்று விளம்பரம் சொல்லும்போதோ தாது ஒன்றே ஒன்றுதான். ஏழில் ஆறு மறைந்து ஏழாவது மட்டும் எஞ்சியது. விந்து இழப்பால் உடலும் உள்ளமும் நலிகின்றன என்னும் இவ்வச்சத்தை ஒரு மனநலச் சிக்கலாக இனங்கண்டு 1960இல் ‘தாத் நோய்க்குறித் தொகுதி’ என்று பெயரிட்டவர் மனநல மருத்துவர் என். என். விக். ‘தாது’வின் வட இந்திய வடிவமே அந்தத் ‘தாத்’.

இச்சந்தைக்குத் துணைநின்றவை அச்சும் அஞ்சலும். பிரித்தானிய இந்தியாவில் 1877இல் வி.பி.பி. அஞ்சல் முறை அறிமுகமானது. பத்திரிகையில் விளம்பரத்தைக் கண்டு கடிதம் எழுதினால் மருந்து வீடு தேடி வரும். அஞ்சற்காரரிடம் பணத்தைச் செலுத்தினால் போதும். மருத்துவர் முகத்தைக் காண வேண்டியதில்லை. வெட்கம் மிகுந்த நோய்க்கு இதைவிட ஏற்ற வணிக முறை இல்லை. நோயாளி தன்னை மறைத்துக்கொள்ள விரும்பினார். மருந்து விற்றவரும் தன்னை மறைத்துக்கொள்ள முடிந்தது.

5. சட்டம் துரத்திய சொற்கள்

போலி மருந்துகளைப் பற்றி ஆராய 1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த குழு அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. விளம்பரங்களுக்கென்றே 1954இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது: மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம். அதன் 3ஆம் பிரிவு, பாலின்பத்துக்கான ஆற்றலைக் காக்கும் அல்லது பெருக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதைத் தடை செய்தது.

இச்சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இத்தகைய வணிக விளம்பரத்துக்குப் பேச்சுரிமையின் காப்பு கிடைக்காது என்று கூறிய நீதிமன்றம், நோய்களின் பட்டியலை அரசு விதிகள் மூலம் விருப்பம்போல் நீட்டிக்கொள்ளும் அதிகாரத்தையும், விளம்பரங்களைப் பறிமுதல் செய்யும் 8ஆம் பிரிவையும் செல்லாதவையாக்கியது. 1963இல் சட்டம் திருத்தப்பட்டது. முதன்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்பதே தண்டனை.

இச்சட்டத்தின் நோக்கம் நன்று. எனினும் அது சொற்களைத் துரத்திய சட்டம். சொற்களோ எளிதில் உடை மாற்றிக்கொள்பவை. ‘ஆண்மை’ என்று எழுத அஞ்சியவர்கள் ‘சக்தி’ என்றனர், ‘இல்லற இன்பம்’ என்றனர், ‘தாம்பத்தியம்’ என்றனர். விடுதி அறைகளில் மாதந்தோறும் குறித்த நாளில் வந்து பார்க்கும் வைத்தியர்களின் அறிவிப்பும், ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்னும் தொலைக்காட்சி விளியும் தமிழர் நினைவில் நகைச்சுவையாகத் தங்கிவிட்டன. நகைப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் திருமணத்தை எண்ணி அஞ்சிய இளைஞர்களும், நீரிழிவு முற்றிய நடுவயதினரும் ஆவர்.

மற்றொரு சட்டத்தில் இச்சொல் வேறு சிக்கலை உண்டாக்குகிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 12ஆம் பிரிவில், எதிர்த்தரப்பினரின் ‘இம்பொட்டன்ஸ்’ காரணமாக உடலுறவு நிகழாத திருமணத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது. ஆங்கிலச் சொல் கணவன், மனைவி இருவருக்கும் பொருந்தும். ‘ஆண்மையின்மை’ என்று மொழிபெயர்த்தால் மனைவிக்கு எவ்வாறு பொருந்தும்? மேலும் அச்சட்டம் பேசுவது உடலுறவு இயலாமையை; மகப்பேறின்மையை அன்று. தமிழ்ப் பேச்சுவழக்கிலும் விளம்பரத்திலும் ‘ஆண்மை’ இரண்டையும் ஒருசேரக் குறிக்கிறது. விறைப்பில் குறையில்லாத ஆணுக்கு விந்தணுக் குறை இருக்கலாம். விறைப்புக் குறைபாடு உடையவருக்கு விந்தணுக்கள் நலமாக இருக்கலாம். இச்சொல் வேறுபாட்டை மறைப்பதால், உறவு கொள்ள இயலும் கணவருக்குக் குறை இருக்காது என்று முடிவு கட்டி, குழந்தையின்மைக்கான சோதனைகள் அனைத்தையும் மனைவி மீதே சுமத்துகின்ற குடும்பங்கள் உண்டு.

6. உறுப்பிலிருந்து குருதிக்குழாய்க்கு

மேலை மருத்துவமும் நெடுங்காலம் தடுமாறியது. 1889இல் பாரிசில் 72 வயது உடலியலாளர் பிரவுன்-செகார் விலங்குகளின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியிட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். 1920களில் வோரனோஃப் குரங்கின் சுரப்பித் துண்டுகளை மனிதருக்கு ஒட்டினார். 1935இல் டெஸ்டோஸ்டிரோன் செயற்கையாக உருவாக்கப்பட்டது. ஆனால் அந்த இயக்குநீர் குறைந்தவர்களுக்கே அது பயன்பட்டது, அத்தகையோர் நோயாளிகளுள் சிறுபான்மையினர். 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் இணையர் பெரும்பாலான குறைகள் மனத்தைச் சார்ந்தவை என்று கூறி, கணவன் மனைவி இருவரையும் சேர்த்து நடத்தும் ஆற்றுப்படுத்தல் முறையை வகுத்தனர்.

திருப்பம் 1980களில் வந்தது. 1982இல் பிரான்சின் ரோனால்ட் விராக், பப்பாவெரின் என்னும் குருதிக்குழாய்த் தளர்வு மருந்தை உறுப்பில் செலுத்தினால் விறைப்பு உண்டாவதை வெளியிட்டார். 1983இல் லாஸ் வேகாசில் சிறுநீரகவியல் மாநாட்டில் பிரித்தானிய உடலியலாளர் கைல்ஸ் பிரிண்ட்லி ஊசியைத் தானே இட்டுக்கொண்டு அவையினர் முன்னிலையிலேயே அதன் விளைவைக் காட்டினார். மனம் எந்நிலையில் இருப்பினும் குருதிக்குழாய் தளர்ந்தால் உறுப்பு விறைக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

இன்று அறிந்தவரை அதன் செயல்முறை இது. கிளர்ச்சியின்போது நரம்பு முனைகளும் குருதிக்குழாய்ச் சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் பொருளைப் பெருக்க, தசைகள் தளர்ந்து குருதி நிறைகிறது. நிறைந்த திசு வெளியேறும் சிரைகளை அழுத்திக் குருதியைத் தேக்குகிறது. ஆக, விறைப்பு என்பது ஒரு தளர்வின் விளைவு. ‘தளர்ச்சி’யே நோய் என்று நூறாண்டுகளாகச் சுவரில் எழுதிய நமக்கு இது வியப்பளிக்கக்கூடும்.

1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு ‘இம்பொட்டன்ஸ்’ என்பதைக் கைவிட்டு ‘எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்’ என்பதை ஏற்கப் பரிந்துரைத்தது. பழைய சொல் இழிவுப்பொருள் உடையது, துல்லியமற்றது என்பன அவர்கள் கூறிய காரணங்கள். 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வு, 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓரளவில் இக்குறைபாடு இருப்பதாகக் கண்டது. பாதிப்பேருக்கு இருப்பதை ‘ஆண்மை’யின் இன்மை என்று எவ்வாறு அழைப்பது?

7. மாத்திரையும் இந்தியாவும்

இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலுள்ள ஃபைசர் ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட சில்டெனாஃபில் எதிர்பாராத விளைவைக் காட்டியது. 1998 மார்ச் 27 அன்று வயாகரா என்னும் பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகியோர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமையை மட்டுமே வழங்கியதால், 2001இலேயே ஜைடஸ் கேடிலா, சிப்லா, ரான்பாக்ஸி முதலிய நிறுவனங்கள் பெனெக்ரா, சிலாக்ரா, கேவெர்ட்டா என்னும் பெயர்களில் குறைந்த விலையில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தன. மருந்துக்குப் பயன் கிட்டாதவர்களுக்கு வெற்றிடக் கருவி, உறுப்பில் இடும் ஊசி, அறுவை மூலம் பொருத்தும் செயற்கைத் தண்டு ஆகிய வழிகள் உள்ளன. மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த குறைந்த விலைத் தண்டு இத்துறையில் இந்தியப் பங்களிப்பு.

ஆனால் மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்குவது இடர் மிக்கது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் இதனைச் சேர்த்து உட்கொண்டால் குருதி அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவில் சரியலாம். ‘மூலிகை’ என்று விற்கப்படும் பொருள்களில் சில்டெனாஃபில் அறிவிப்பின்றிக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டறிந்துள்ளது. மூலிகை என நம்பி உண்பவர் இவ்விடரை அறியவே வழியில்லை.

8. பெயர் ஏன் பொருட்டாகிறது?

இக்குறைபாடு பல நேரங்களில் முன்னறிவிப்பு. உறுப்புக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை; கொழுப்புப் படிவின் விளைவு அங்கே முதலில் தெரியக்கூடும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே இவ்வறிகுறி தோன்றிய நோயாளிகள் பலர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இந்தியரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், புகைபிடித்தல் ஆகிய மூன்றும் இக்குறைபாட்டின் முதன்மைக் காரணங்கள். அதாவது, லேகியம் வாங்கச் செல்பவர் உண்மையில் சர்க்கரை, கொழுப்பு, குருதி அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டியவராக இருக்கலாம். ‘ஆண்மைக்குறைவு’ என்னும் பெயர் அவரை விடுதி அறைக்கு அனுப்புகிறது. ‘விறைப்புக் குறைபாடு’ என்னும் பெயர் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும்.

இங்கு ஒரு மறுப்பும் எழலாம். பெயரை மாற்றினால் வெட்கம் போய்விடுமா? அமெரிக்காவில் புதிய பெயர் வந்தபின் அதன் சுருக்கமான ‘ஈ.டி.’யையே நிறுவனங்கள் விளம்பர முழக்கமாக்கின. முன்னாள் குடியரசுத் தலைவர் வேட்பாளர் பாப் டோல் ஃபைசரின் விளம்பரத்தில் தோன்றினார். இழிவு குறைந்தது, சந்தை பெருகியது. இம்மறுப்பில் உண்மை உண்டு. பெயர் மட்டும் எதையும் குணப்படுத்தாது. எனினும் பெயரின்றி உரையாடலே தொடங்குவதில்லை. மனநல மருத்துவர் மாத்ருபூதமும் மருத்துவர் ஷர்மிளாவும் விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் இவற்றைப் பொதுவெளியில் பேசியபோது கேலியும் எதிர்ப்பும் எழுந்தன. ஆயினும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஒரு மருத்துவரின் வாயால் இச்சொற்களைக் கேட்கத் தமிழர்களுக்கு வாய்த்தது.

ஆகவே தமிழில் மருத்துவம் எழுதுவோர்க்கும் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. ‘விறைப்புக் குறைபாடு’ என்று எழுதுங்கள். மகப்பேறின்மையைக் குறிக்கும்போது அதனைத் தனியே சொல்லுங்கள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒருவர் சொன்னால் நகைக்காமல், எத்தனை நாளாக, வேறு என்ன நோய், என்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுவாக இருக்கலாம். ‘ஆண்மை’ என்னும் சொல்லை அதன் பழைய வீட்டுக்கே, தாளாண்மைக்கும் வேளாண்மைக்கும் அருகே, திருப்பி அனுப்பிவிடலாம். அங்கே அதற்குச் செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறைய இருக்கிறது.

தெலுங்கு, கன்னடம், மலையாளம் அறிந்த நண்பர்கள் தத்தம் மொழியில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்களையும் அவற்றின் பழைய பொருள்களையும் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் ஒப்பீட்டைத் தொடரலாம்.